நலமாக இருந்த கூண்டு

கடல் மீன்பண்ணையின் மூன்றாம் வலைக்கூண்டிலிருந்து ஸ்டைனார் அள்ளிப் போட்ட சால்மன் மீனின் விலாவில் ஒரு புண்கூட இல்லை.

ஓட்னி அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். அந்தப் பக்கமும் இல்லை.

மீன் மருத்துவரான அவளுக்கு உள்ளூர ஒரு குறுகுறுப்பு. அக்டோபர் கடைசியில் கடல் சில்லிட்டதுமே மற்ற கூண்டுகளிலெல்லாம் குளிர்காலப் புண் கண்டுவிட்டது. எல்லாக் கூண்டிலும் ஒரே வகை மீன், ஒரே தீவனம். இது மட்டும் எப்படித் தப்பித்தது?

அந்தப் பண்ணையில் இருப்பவை எல்லாமே மலட்டு மீன்கள். முட்டை கருவுற்ற கையோடு அழுத்தக் கலனில் போட்டு ஓர் அமுக்கு அமுக்குவார்கள். வெளியே போக வேண்டிய ஒரு குரோமோசோம் தொகுதி போகாமல் தங்கிவிடும். இரண்டு தொகுதி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று.

அப்படிப் பிறந்த மீன் நன்றாகத் தின்னும், வளரும். வம்சம் மட்டும் வளர்க்காது. வலையிலிருந்து தப்பி ஆற்றில் ஏறினாலும் ஆற்றுச் சால்மனோடு கலந்து அதன் இனத்தைக் கெடுத்துவிடாது.

அதற்கு அவை கொடுக்கும் விலை உடம்பு. மூன்று தொகுதியைச் சுமக்கும் செல் பெரிதாக இருக்கும், எண்ணிக்கையில் குறைவாக இருக்கும். நோயோடு மல்லுக்கட்டும் வெள்ளணுக்களும் அப்படித்தான். காவலாளிகள் ஆள் தாட்டியானவர்கள், ஆனால் காவலுக்கு ஆள் பத்தாது. சாதாரண நாளில் சமாளித்துவிடும். குளிரோ நெரிசலோ வந்தால் படுத்துவிடும்.

மூன்றாம் கூண்டு படுக்கவில்லை. கொழுகொழுவென்று துள்ளிக்கொண்டிருந்தது.

போன வருஷ வசந்தத்தில், கடலில் விடுமுன், இந்தக் கூண்டு மீன்களை மட்டும் இன்னும் குளிர்ந்த நீரில் வைத்துத் தடுப்பூசி போடச் சொன்னவள் ஓட்னிதான். ஒருவேளை அதுதான் வேலை செய்திருக்கிறதோ? அப்படியானால் பெர்கன் நகரத்து மீன் மாநாட்டில் நாலு பேர் முன்னால் நின்று பேசலாம். நினைக்கவே இனித்தது. இருந்தாலும் முகத்தை உம்மென்றே வைத்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, நோய் வந்தாலும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறே, வரலேன்னாலும் தூக்கி வச்சுக்கறே. ஒனக்கு என்னதான் வேணும்?" என்றான் ஸ்டைனார்.

பண்ணையைப் பார்த்துக்கொள்பவன் அவன். ஒரு நல்ல சேதிக்கு ஏங்கிப் போயிருந்தான். செப்டம்பர் புயலில் இதே மூன்றாம் கூண்டின் வலை கிழிந்து ஆயிரக்கணக்கில் மீன் வெளியேறியதிலிருந்து ஊருக்குள் அவன் தலைகாட்டுவதே சிரமமாக இருந்தது.

வழக்கமாக இப்படி நடந்தால் ஆற்றுக்காரர்கள் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு, கையில் எறியீட்டியோடு தண்ணீருக்குள் இறங்கிவிடுவார்கள். முட்டையிடும் காலம் தொடங்கும் முன்பே பண்ணை மீன்களைத் தேடித் தேடிக் குத்தி எடுத்துவிடுவார்கள். ஆற்றுச் சங்கத் தலைவி ஹெர்போர்க் இந்த முறையும் ஆட்களைத் தயார் செய்திருந்தாள்.

ஊர் மண்டபத்தில் எழுந்து, வேண்டாம் என்று சொன்னவள் ஓட்னி. இவை மலட்டு மீன்கள், ஆற்றை ஒன்றும் செய்யாது, நீங்கள் இறங்கிக் கலக்கினால் முட்டையிட வரும் ஆற்று மீன்கள்தான் மிரளும் என்றாள்.

ஹெர்போர்க் பண்ணைக்காரர்களை நம்புகிற ரகம் இல்லை. ஸ்டைனார் இருந்த பக்கமே அவள் திரும்பவில்லை. ஓட்னியை மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, நீ சொல்வதால் விடுகிறேன் என்றாள். மறுநாளே உடுப்புகள் கொட்டகைக்குத் திரும்பிவிட்டன.

ஓட்னி வால் பக்கம் ஊசி குத்தி ரத்தம் எடுத்தாள். தீவனம் வைத்திருக்கும் மிதவைப் படகின் சமையலறை மேசையில் இருந்த பழுப்புப் பாலாடைக்கட்டியையும் வாஃபிள் தட்டையும் ஒதுக்கிவிட்டு நுண்ணோக்கியை வைத்தாள். அவள் பார்க்க நினைத்தது வெள்ளணுக்களைத்தான். காவலுக்கு எங்கிருந்து ஆள் கிடைத்தது என்று தெரிந்தாக வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க, முதலில் இரண்டாம் கூண்டின் நோயாளி மீன். சிவப்பணுக்கள் நீளநீளமாக, பெரிது பெரிதாகக் கிடந்தன. மூன்று தொகுதிக்காரனின் ரத்தம் அப்படித்தான் இருக்கும்.

அடுத்தது மூன்றாம் கூண்டு.

சிவப்பணுக்கள் சின்னதாக இருந்தன.

வேறு எதையோ மாற்றி வைத்துவிட்டோம் என்று நினைத்தாள். புதிய கண்ணாடியில் புதிய துளி தடவினாள். சின்னதாகவே இருந்தன. ஸ்டைனாரிடம் சொல்லி இன்னொரு மீனும், அப்புறம் இன்னும் சிலவும் பிடித்துவரச் செய்தாள். அவனும் சலிக்காமல் பிடித்துவந்தான்.

எல்லாம் ஒன்றுபோல இருந்தன. இரண்டே தொகுதி. வெள்ளணுக்களுக்கும் பஞ்சமில்லை. குளிர்ந்த நீருமில்லை, அவள் கெட்டிக்காரத்தனமுமில்லை. குஞ்சு பொரிப்பகத்தில் இந்த முட்டைகள் அழுத்தக் கலனுக்குள் போகவே இல்லை.

அதனால்தான் இவற்றுக்கு நோய் அண்டவில்லை. இவை மலடே அல்ல.

அவள் கை நுண்ணோக்கியின் திருகிலேயே நின்றுவிட்டது. செப்டம்பரில் தப்பிப் போனவையும் இதே கூண்டு மீன்கள்தான்.

ஸ்டைனார் காப்பியை ஊற்றிக்கொண்டே, நல்ல சேதிதானே என்று கேட்டான். அவள் போனை எடுத்து ஹெர்போர்க்கை அழைத்தாள். உடனே ஆட்களை இறக்கச் சொல்ல வேண்டும்.

மறுமுனையில் ஆற்றின் இரைச்சல் கேட்டது. ஹெர்போர்க் இவளைப் பேச விடவில்லை. குரலில் இத்தனை சந்தோஷத்தை ஓட்னி அதுவரை கேட்டதில்லை.

"கரையிலதான் நிக்கறேன் ஓட்னி. எத்தன மீனுங்கற, ஒவ்வொண்ணும் இம்மாம் பெருசு, சரளையப் பறிச்சுப் பறிச்சு முட்ட போட்டுட்டிருக்கு. இப்படி ஒரு வருஷத்த நான் பாத்ததே இல்ல. நல்லவேள, ஒன் பேச்சக் கேட்டு எறங்காம விட்டேன்."