பட்டியல் போடாத நூலகர்

“இருபத்தேழு வருஷம் சார்! தினம் ஒரு புத்தகத்தோட பேரை எழுதியிருந்தாக்கூட இந்நேரம் ரெண்டு தடவை பட்டியல் போட்டிருக்கலாமே!”

புத்தகத்தின் முதுகில் எண் சீட்டை ஒட்டிக்கொண்டே சொன்னாள் புது நூலகர். எதிரே உட்கார்ந்திருந்த பழைய நூலகர் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினார். ஓய்வு பெற்று நாலு மாதமாகிறது. இப்போதும் கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் வந்து நிற்கிறார். வேலையில் இருந்தபோது இந்தச் சுறுசுறுப்பை எந்த அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாரோ!

ஊருக்கு இருப்பது இந்த ஒரு நூலகம்தான். ஒரே அறை, எட்டு அலமாரி, மழை வந்தால் ஒரு வாளி. இதை மூடப்போகிறார்கள் என்று ரொம்ப நாளாகவே பேச்சு. ‘மூன்று மாதத்துக்குள் புத்தகப் பட்டியல் வேண்டும்’ என்று தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்ததும் அவள் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். ஒழுங்காகப் பட்டியல் போட்ட நூலகத்தை மூட யாருக்கு மனசு வரும்? நூலகமும் பிழைக்கும், அவள் வேலையும் பிழைக்கும்.

ஆனால் பழையவர் விட்டுப்போன லட்சணம் இருக்கிறதே! கோழி வளர்ப்பு ஆன்மிகத்தில் இருந்தது. கவிதைத் தொகுப்பு நாலு, ஆடுகிற மேசைக்குக் காலாக இருந்தது.

“சட்டப் புத்தகம் எதுக்கு சார் சமையல் வரிசையில இருக்கு? கேஸைத் தாளிக்கவா?”

“தையல்காரர் சம்சாரம் ரெண்டையும் சேர்த்துத்தாம்மா எடுத்துட்டுப் போவாங்க. விவாகரத்து கேஸ் நடக்குது.”

“ஆஹா, என்ன ஒரு வகைப்பாடு! உலகமே உங்ககிட்ட வந்து கத்துக்கணும்.”

பழையவர் உதவாவிட்டாலும் பரவாயில்லை, உபத்திரவம் செய்யாமலாவது இருந்திருக்கலாம். ஆயிரம் புத்தகம் எழுதி முடித்த அன்று, “முந்நூத்திப் பத்தாம் நம்பர் ரெண்டு தடவை வந்திருக்கும்மா. மொதல்லேர்ந்து எழுதிட்டா சுத்தமா இருக்கும்” என்றார். மின்சார வாரியத்துக்காரர் வீட்டில் ஒரு புத்தகம் இருக்கிறது, அது திரும்பி வராமல் பட்டியலை முடிக்கவே கூடாது என்று ஒரு வாரம் பிடிவாதம் பிடித்தார். என் மாமியாரே தேவலாம் என்று தோன்றிவிட்டது அவளுக்கு.

ஒருநாள் நாற்பது பக்கத்தின் மேல் டீயைக் கொட்டினார்.

“மன்னிச்சுக்கம்மா. கை நடுங்குது.”

“பேப்பர் பிடிக்கும்போது நடுங்காத கை, பட்டியலைப் பார்த்தா மட்டும் நடுங்குதே சார்!”

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பொறாமை. வேறென்ன? இருபத்தேழு வருடத்தில் தன்னால் முடியாததை ஒரு பெண் வந்து மூன்று மாதத்தில் முடிக்கிறாளே என்ற வயிற்றெரிச்சல். உடனே தலைமை அலுவலகத்துக்கு அவரைப் பற்றி ஒரு புகார்க் கடிதம் எழுதிப் போட்டாள்.

“கொஞ்சம் நான் சொல்றதைக் கேளும்மா. பட்டியல் இல்லேன்னா...”

“இல்லேன்னா உங்களை மாதிரி காலை நீட்டிக்கிட்டு இருக்கலாம். தெரியும் சார். நான் சொல்றதை நீங்க கேளுங்க. அந்த நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குங்க, தூசி தட்டணும்.”

அதற்குப் பிறகு அவர் எதுவும் சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் அடுத்த தபாலில் மேலிடத்துக்குப் போய்விடும் என்று புரிந்துகொண்டார் போலும்.

நாற்பது பக்கத்தையும் திரும்ப எழுதி, கெடு முடிவதற்கு ஒரு நாள் முன்பே பட்டியலை அனுப்பிவிட்டாள். மறுவாரமே அதிகாரி நேரில் வந்து இறங்கினார். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அலமாரியாகச் சரிபார்த்தார். ஒரு புத்தகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“அருமைம்மா! மூணே மாசத்துல! உங்களை மாதிரி ஒருத்தர் முன்னாடியே கிடைக்காமப் போயிட்டாங்களே!”

அவள் ஓரக்கண்ணால் பழையவரைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. நன்றாக உறைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

“நூலகத்தை மூடிடுவாங்கன்னு ஊர்ல பேசிக்கிறாங்க சார். பட்டியல் வந்தாச்சுல்ல, இனிமே பயமில்லையே?”

அதிகாரி கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

“மூடற உத்தரவு வந்து இருபத்தேழு வருஷம் ஆச்சும்மா. பட்டியல் இல்லாம ஒரு புத்தகத்தைக்கூட வேற நூலகத்துக்கு மாத்தக் கூடாதுன்னு விதி, அதனாலதான் இவர்கிட்ட மாட்டிக்கிட்டு முழிச்சோம்” என்றவர், ஜன்னல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “டிரைவர், லாரியை வாசல்ல கொண்டுவந்து நிறுத்துப்பா!”