தோளில் பதிந்த நீலம்

"சாயம் ஒட்டுதுக்கா," என்றாள் மினோரி, போன வாரம் வாங்கிப்போன ஜாக்கெட்டை மேசைமேல் வைத்தபடி.

ஹிசானோவுக்குச் சுருக்கென்றது. சாயக்காரியிடம் சொல்கிற பேச்சா இது? பழைய ஹவோரி மேலங்கிகளைப் பிரித்து, மறுபடி அவுரியில் தோய்த்து, ஜீன்ஸுக்கு மேல் போடுகிற ஜாக்கெட்டாக அவள் தைத்துத் தருவதை வாங்க ஒசாகாவிலிருந்துகூட ஆள் வருகிறார்கள்.

"என் சாயமா? தண்ணி தெளியிற வரைக்கும் அலசித்தாம்மா குடுப்பேன். மழையில நனைச்சியா?"

"ஒரே ஒரு நாள்தான் போட்டேன். எவ்வளவு தேய்ச்சுக் குளிச்சும் போகலை. நீங்களே பாருங்க."

மினோரி திரும்பி நின்று சட்டையின் கழுத்தை இறக்கினாள்.

தோள்பட்டைகளில் நீலமாக இரண்டு கைகள். யாரோ பின்னாலிருந்து அழுத்திய மாதிரி உள்ளங்கையும் விரல்களும் அச்சாகப் பதிந்திருந்தன.

"இடது சுண்டுவிரலைப் பாருங்க, பாதிதான் இருக்கு. பயத்துல தூக்கமே இல்லக்கா. படம் புடிச்சு வச்சிருக்கேன். இன்டர்நெட்ல போட்டு நாலு பேரைக் கேட்கலாம்னு..."

"ஐயோ, போட்டுடாதேம்மா." ஹிசானோ ரப்பர் கையுறை மாட்டிய கைகளை ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டாள். படம் வெளியே போனால் கடை கெடுவதோடு நிற்குமா?

"நீ ஊருக்குப் புதுசு, உனக்குத் தெரியாது. அது என் வீட்டுக்காரர் தெத்சுரோவோட ஹவோரி. போன குளிர்காலத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தவர், அதைக் கழட்டாமலே சாயத்தொட்டியில நுரை வந்திருக்கான்னு குனிஞ்சு பார்த்தார். வழுக்கித் தலைகுப்புற விழுந்துட்டார். நான் ஓடிவர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. அதை வீட்டுல வச்சிருக்க மனசு வரலை. முழுக்க நீலமாக்கி வித்துட்டேன்."

"அப்ப இந்த விரல்?"

"அவரோடதுதான். மெஷின்ல மாட்டிப் போனது."

மினோரிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம், பொண்டாட்டின்னு நினைச்சு என்னைத் தொட்டிருக்கார். ஜாக்கெட் உங்ககிட்டயே இருக்கட்டும்கா." படத்தையும் அங்கேயே அழித்தாள்.

ஹிசானோவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மினோரி சொன்னாள்: "உங்க மாமியார் எங்க பக்கத்து வீடுதான். புள்ளையை நினைச்சு இன்னும் அழுதுட்டுத்தான் இருக்காங்க. போன உடனே என் தோள்ல இருக்குற இந்தக் கையை அவங்களுக்குக் காட்டணும். பெத்தவங்களுக்குப் புள்ள கை தெரியாமலா போகும்?"

"மினோரி, நில்லும்மா..."

அவள் சைக்கிள் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

ஹிசானோ இடது கையுறையைக் கழற்றினாள். குனிந்திருந்த தெத்சுரோவின் தோளில் வைத்துத் தள்ளிய கை. அதில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.