குளித்த பிறகுதான் காப்பி

மருமகளின் கொள்ளுத்தாத்தா காலத்திலேயே கப்பலேறிவிட்ட குடும்பம். குளிர் தேசத்தில் இருக்கும் மகனைப் பார்க்க ஊரிலிருந்து முதல்முறை வந்த மாமியார், இவள் சாமி கும்பிடுவாளா என்றே சந்தேகப்பட்டாள். வந்து பார்த்தால், விடியுமுன்னே குளித்து, ஈரத் தலையோடு விளக்கேற்றிவிட்டுத்தான் அடுப்பையே தொடுகிறாள்!

"ஊர்ல நீங்களும் இப்படித்தானே அத்தை?"

மாமியார் மென்று விழுங்கினாள். "பின்னே? குளிக்காம பச்சத்தண்ணிகூட பல்லுல படாது."

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இவளுக்குக் குளிக்காமல் காப்பியே கிடைக்கவில்லை. அந்தக் குளிரில் தினமும் குளித்து, வெடவெடவென்று நடுங்கியபடி விளக்கின் முன் நின்றாள்.

ஒரு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை. விடிகாலையில் பூனைபோல் சமையலறைக்குள் நுழைந்தாள்.

அங்கே கலைந்த தலையும் கசங்கிய நைட்டியுமாக மருமகள் காப்பி உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

இருவரும் திருதிருவென விழித்தார்கள்.

மருமகள் மெல்ல விளக்கை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினாள். அடியில் விலைச்சீட்டு ஒட்டியபடியே இருந்தது.

"நீங்க வர்றீங்கன்னுதான் அத்தை இதையே வாங்கினேன்."

மாமியார் நிம்மதியாக நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"எங்க வீட்டு விளக்கு பரணுக்குப் போய் பத்து வருஷமாச்சு. முதல்ல எனக்கொரு காப்பியைக் கல!"