நெஞ்சுவலிக்காரி

“நடிக்கிறா டாக்டர்! சுத்தமான நடிப்பு!”

கணவர் ரிப்போர்ட் கட்டைப் போட்ட வேகத்தில் மேஜையிலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. பக்கத்து நாற்காலியில் மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

மனநல மருத்துவர் கட்டைப் பிரித்தார். இசிஜி, எக்கோ, ஸ்கேன், ரத்தம் என்று ஒன்று விடாமல் எடுத்திருந்தார்கள். இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று எல்லா டாக்டர்களும் எழுதியிருந்தார்கள்.

“நடிப்பு இல்லீங்க. இதயம் நல்லா இருந்தாலும் வலி நிஜம்தான். மனசுல இருக்கிற பயத்தை சில பேருக்கு உடம்புதான் சொல்லும்.”

“அது எப்படி டாக்டர், நான் வெளியில கிளம்பும்போது மட்டும் சொல்லுது? செருப்புல கால் வச்சா போதும், ‘என்னங்க’ன்னு சாய்ஞ்சிடுவா. போன வாரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆட்டோல துரத்திட்டு வந்து மயங்கி விழுந்தா. ஊரே வேடிக்கை பார்த்துச்சு!”

“எங்க கிளம்பினீங்க?”

“எங்கேயோ! அதுவா இப்போ பிரச்சினை?”

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பாவம், இந்த மனிதருக்குப் பெண்டாட்டியின் நெஞ்சுவலியே தலைவலியாக வந்து வாய்த்திருந்தது.

“எப்போலேருந்தும்மா இந்த வலி?” டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

“இவர் எனக்குக் கார் ஓட்டக் கத்துக் கொடுத்தாரே, அப்போலேருந்து.”

“பாருங்க! நல்லது செஞ்சா நெஞ்சுவலி!” கணவர் கையை விரித்தார். “டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் நான். ஊருக்கெல்லாம் ஓட்டக் கத்துக் கொடுத்தவன், இவ வருஷக்கணக்கா கெஞ்சினப்போ காதுல வாங்கல. தப்புதான், ஒத்துக்கிறேன். இப்போ நானே கூப்பிட்டு உட்கார வச்சு கத்துக் கொடுத்துட்டேன். பேங்க் வேலை, கரண்ட் பில்லு, மோட்டார் மக்கர் பண்ணா யாரைக் கூப்பிடணும்னு அத்தனையும் சொல்லிக் கொடுத்தாச்சு. இனிமே எதுக்கும் என்னை எதிர்பார்க்க வேண்டாம். அப்புறமும் எதுக்கு இப்படி ஒட்டிக்கிட்டு உயிரை வாங்குறா?”

“இங்க ஒவ்வொருத்தரா தனியாப் பேசுறதுதான் வழக்கம். நீங்க கொஞ்சம் வெளியில இருங்க,” என்றார் டாக்டர்.

விட்டால் போதும் என்று கணவர் எழுந்து போனார். கதவு மூடியதுதான் தாமதம், அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேஜை மேல் கவிழ்ந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

“கதவு... கதவைத் திறந்து வைங்க டாக்டர்!”

டாக்டர் ஓடிப்போய்த் திறந்தார். வராந்தாவில் கணவர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சு மெல்லச் சீரானது. நாடியைப் பிடித்துப் பார்த்த டாக்டருக்கு இது நடிப்பில்லை என்பதில் சந்தேகமே இல்லை.

“ஏம்மா?”

“தெரியல டாக்டர். சொன்னா சிரிப்பீங்க. இவர் கண்ணுல படலைன்னா எனக்கு உசிரே நின்னுடுது.”

டாக்டர் சிரிக்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், உள்ளே நடப்பது தெரிகிற இடத்தில் அவளை உட்கார வைத்தார். பிறகு கணவரை அழைத்தார்.

“மாத்திரை எழுதிட்டீங்களா? நல்லாத் தூங்குற மாதிரி கொடுங்க. ஒரு நாளாவது நான் தனியாக் கிளம்பணும்.”

கீழே கிடந்த பேனாவை டாக்டர் எடுக்கவே இல்லை. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, சாப்பிட்டீங்களா என்று கேட்கிற குரலில் கேட்டார்.

“நேராவே கேக்குறேன். செத்துப் போயிடலாம்னு நினைக்கிறீங்களா?”

அவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்தவர் தலையைத் திருப்பினார். கண்ணாடிக்கு அப்பால், தன்னையே பார்த்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தார்.

“எங்க டாக்டர் விடுறா இவ?”