ஸஹீதின் மேற்கோள்கள்

“வாப்பா, எனக்கு இந்தக் கலியாணம் வேணாம்!”

தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஜுனைட் திடுக்கிட்டு நிமிர்ந்தார். மடிக்கணினியோடு மகள் அப்னா நின்றாள். வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்கு நிக்காஹ். வாப்பாவும் மகளும் முகாமைத்துவ விரிவுரையாளர்கள். மாப்பிள்ளை ஸஹீதும் அதே துறைதான்.

“என்ன மகள், விசர்க்கதை கதைக்கிற?”

“வாப்பாட செல்வாக்கில வந்ததெண்டு ஆரும் சொல்லக்கூடாதெண்டு, உங்களுக்கும் காட்டாம ஒரு கட்டுரை எழுதி ஆய்விதழ் ஒண்டுக்கு அனுப்பினன். அதை மதிப்பிட்ட ஆள் பேரில்லாம எழுதியிருக்காரு, பாருங்க. ஸஹீத்ட ஆறு கட்டுரையை மேற்கோள் காட்டினாத்தான் பிரசுரமாம்! என்ட கட்டுரைக்கும் அதுகளுக்கும் ஒரு சம்பந்தமுமில்ல.”

ஜுனைட் திரையைப் பார்த்தார். கோப்பை சரிந்து தேத்தண்ணி சாறனில் சிந்தியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

“எத்தின பேர் மேற்கோள் காட்டுறாங்க எண்டு எண்ணித்தானே இப்ப பதவி உயர்வு. அதுக்காக ஸஹீதே மதிப்பிடுற ஆளா இருந்து இப்பிடி எழுதியிருக்காரு. சீ! வீடும் வேணாம், சீதனமும் வேணாம் எண்ட மனுசனெண்டு எவ்வளவு பெருமைப்பட்டன்!”

பெருமைப்பட்டது அவள் மட்டுமா? பெண்ணுக்கு வீடு கட்டாமல் சம்பந்தம் பேசவே வாய் திறக்காத கல்முனையில், பள்ளிவாசல் தலைவரே ஸஹீதைக் கட்டிப்பிடித்துப் பாராட்டினார். ஊரே அந்தக் கதையைத்தான் கதைத்தது.

“இப்பவே அவருக்குக் கோல் எடுத்து, கலியாணம் இல்லையெண்டு சொல்லப்போறன்.”

“பொறு மகள். இத ஸஹீத் எழுதல்ல.”

“உங்களுக்கெப்பிடித் தெரியும்?”

ஜுனைட் தலையைக் குனிந்துகொண்டார். “மதிப்பிடுற ஆளுக்கும் கட்டுரை ஆருடையதெண்டு தெரியாது. பேரை மறைச்சுத்தானே அனுப்புவாங்க. தெரிஞ்சிருந்தா உன்ட கட்டுரையில நான் இப்பிடி எழுதியிருப்பனா?”

“யா அல்லாஹ்! நீங்களா வாப்பா?”

அப்னா மடிக்கணினியைப் படக்கென்று மூடினாள். இத்தனை வருடம் நேர்மையைப் பற்றி வகுப்பெடுத்த மனிதரா இவர்?

“என்னத்துக்கு வாப்பா? அவர்ட பேரை நீங்க ஏன் தூக்கிப் பிடிக்கிற?”

ஜுனைட்டின் கண்கள் கலங்கின.

“வீடு வேணாம், காசு வேணாம், தான் பேராசிரியராகும் வரைக்கும் மேற்கோள் சேர்த்துத் தந்தாப் போதும் எண்டுதான் மகள், ஸஹீத் சீதனம் பேசினது.”