அசையாச் சொத்து

"அதோ, வலது ஓரத்துல, முக்காலி மேல, சிவப்புத் தொப்பி. அவருதான்!"

அவள் கை காட்டிய திசையில் பதினோரு உறவினர்களும் ஒரே நேரத்தில் கழுத்தை நீட்டினார்கள். மேடையில் பொம்மை செய்யும் கிழவனின் பட்டறை. சுவரோரம் ஏழு பொம்மைகள். ஏழுக்கும் வட்டாரத்து ஆட்களையே போட்டிருப்பதாகத் துண்டுச்சீட்டு சொன்னது. முகமெல்லாம் வெள்ளைப் பூச்சு. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. ஆனால் கட்டிய மனைவிக்குத் தெரியாமல் போகுமா?

குடும்பங்களுக்காக நடத்தப்பட்ட இலவச பாலே நடனம் அது. திரை இருபது நிமிடம் தாமதமாகத்தான் விலகியது. அதற்குள் நடன டீச்சர் மூன்று முறை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். கடைசியில் எதிர்த் துணிக்கடைக்காரரை, தோளில் துணி சுற்றிய ஏதோ ஆளுயரப் பொதியோடு, அவசரமாக உள்ளே அழைத்துப் போனார். ஓசி நிகழ்ச்சியில் தாமதத்தை யார் கேட்பது?

"ஏம்மா, வசனமே இல்லையா?" என்றார் அண்ணன்.

"ஓசியில வசனம் வேற வேணுமா உங்களுக்கு?" என்றாள் அண்ணி.

அண்ணன் பத்திரம் எழுதுகிறவர். சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்காத தங்கை கணவருக்கு அவர் வைத்த பெயர் 'அசையாச் சொத்து'. பத்தொன்பது வருடமாகச் சொந்தமெல்லாம் அதைச் சொல்லிச் சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, சமையலறைக்குள் போய் அழுவாள்.

இன்று அண்ணன் வாயாலேயே அந்தப் பெயரை அழிக்க வைத்துவிட வேண்டும். அதற்காகத்தான் அவருக்கு முன்னாலேயே, மதியமே வந்து, பைகளைப் பரப்பி, முதல் வரிசையைப் பிடித்து வைத்திருந்தாள்.

மேடையில் ஓர் இளைஞன், ஜன்னலில் இருந்த பொம்மையை நிஜப் பெண் என்று நம்பி உருகிக்கொண்டிருந்தான்.

"பொம்மைக்கும் மனுஷங்களுக்கும் வித்தியாசம் தெரியல பாரு, மடையன்!" என்று அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார்.

அப்போதுதான் சிவப்புத் தொப்பியின் மூக்கில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. மூக்கிலிருந்து உதட்டுக்கு இறங்கியது, உதட்டிலிருந்து கண்ணுக்கு ஏறியது. மற்ற ஆறு பொம்மைகளும் இதற்குள் இருமியிருந்தன, சொறிந்திருந்தன. ஒன்று தன் மகளுக்குக் கையே ஆட்டிவிட்டது. சிவப்புத் தொப்பி இமைகூடக் கொட்டவில்லை.

அண்ணனின் சிரிப்பு நின்றது. "மாப்பிள்ளை மூச்சு விடறாரா இல்லையா?"

"மூணு வாரம் ஒத்திகைண்ணா." அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்று வாரமும் அவரைச் சோபாவிலிருந்து கிளப்பி அனுப்பியது அவள் அல்லவா?

அதன் பிறகு அண்ணன் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. தொப்பியையே பார்த்தார், தொப்பியையே ஃபோனில் படமெடுத்தார்.

"ஆடறது யாரு வேணா ஆடிடலாம்மா. ஆடாம இருக்கறதுதான் கலை" என்றார். முதல் தடவை பாலே பார்க்கும் சித்தப்பா, பிறந்ததிலிருந்து அதைத்தான் பார்ப்பவர் போலத் தலையாட்டினார்.

ஆட்டம் முடிந்தது. ஆடியவர்கள் முன்னால் வந்து வணங்கினார்கள். ஆறு பொம்மைகளும் வந்தன. சிவப்புத் தொப்பி மட்டும் எழவில்லை.

"கைதட்டலுக்குக்கூட ஆசைப்படல பாருங்க!" என்று சித்தப்பா எழுந்து நின்று தட்டினார். அவரைப் பார்த்து முதல் வரிசை எழுந்தது. முதல் வரிசையைப் பார்த்து, எதற்கென்றே தெரியாமல், அரங்கமே எழுந்தது.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உறவினர்கள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் கேட்டுக்கோங்க. மாப்பிள்ளையைத் தப்பா எடை போட்டவன் நான்தான். இனிமே அவரை யாராவது அசையாச் சொத்துன்னு சொன்னா, அவங்க எனக்குச் சொந்தமே இல்ல."

தங்கையின் கைகளைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுடும்மா."

அவள் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இந்த முறை அழுவதற்குச் சமையலறையைத் தேடவில்லை. அத்தனை பேர் முன்னாலும் ஆனந்தமாக அழுதாள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். தலை கலைந்திருந்தது. கன்னத்தில் தலையணை மடிப்பு அப்படியே பதிந்திருந்தது. அண்ணனின் தோளைத் தட்டினார்.

"என்ன மச்சான், எல்லாரும் நிக்கறீங்க? எனக்காகவா ஆட்டத்தை நிறுத்தி வெச்சிருக்காங்க?"