தனிப் படுக்கை

“குழந்தை பிறக்கிற வரைக்கும் நீ ஹால்லயே படு. அவ என் ரூம்ல படுத்துக்கட்டும்.”

மருமகள் கர்ப்பம் என்று தெரிந்த அன்றே அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“ஏம்மா, நாங்க என்ன சின்னப் பசங்களா?” என்றான் மகன்.

“இல்லைங்கறதாலதான் சொல்றேன்.”

மகன் லிஃப்ட் மெக்கானிக். “ஊர்ல நின்னுபோன லிஃப்டை எல்லாம் ஓட வைக்கிறேன். சொந்த வீட்ல நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்” என்று சமையலறையில் மனைவியிடம் கிசுகிசுத்தான்.

சிரிக்க வேண்டியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பக்கத்துல படுத்தா என்ன ஆயிடும்? நாம சந்தோஷமா இருக்கறதே உங்கம்மாவுக்குப் பொறுக்கல.”

அடுத்த செக்கப்புக்கு மாமியாரும் கிளம்பிவிட்டாள். டாக்டருக்கு எதிரே மூன்று நாற்காலி. நடுவில் அவள்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, “எல்லாம் நல்லா இருக்கு. வேற ஏதாவது கேக்கணுமா?” என்றார்.

மருமகள் கணவனைப் பார்த்தாள். கணவன் மின்விசிறியைப் பார்த்தான்.

வருவது வரட்டும் என்று அவளே வாயைத் திறந்தாள்.

“டாக்டர்... நாங்க புருஷன் பொண்டாட்டியா... சேர்ந்து இருக்கக் கூடாதா?”

மாமியார் முகம் இறுகியது.

“ஏன் கூடாது? தாராளமா இருக்கலாம். உங்களுக்கு ரத்தக் கசிவு, வலி எதுவும் இல்ல. குழந்தை தண்ணிக்குள்ள பத்திரமா இருக்கு. அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சா மட்டும் உடனே வாங்க.”

“கேட்டுக்கிட்டியாம்மா?” என்றான் மகன், காது சிவக்க.

“கேட்டேன். இனிமே நான் குறுக்கே வரல. ரெண்டு பேரும் வெளியே இருங்க.”

‘போச்சு, டாக்டர்கிட்டயே சண்டைக்கு நிக்கப் போறாங்க’ என்று நினைத்த மருமகள், பாதி மூடிய கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே மாமியார் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“இது இப்ப மருந்து மாத்திரையெல்லாம் வந்ததாலயா டாக்டர்? முன்னெல்லாம் ஆபத்துதானே?”

“இல்லம்மா. அப்பவும் இப்படித்தான். ஏன் கேக்கறீங்க?”

“இவனுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு கலைஞ்சு போச்சு. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் அடக்கம் இல்ல, அதான் இப்படின்னு வீட்ல அத்தனை பேரும் சொன்னாங்க.”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. பெரும்பாலும் கருவே சரியா உருவாகியிருக்காது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல.”



மருமகள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், “அத்தை...” என்று அவள் தோளைப் பிடித்தாள். மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“என்னை விடுங்க டாக்டர். இதை அவர்கிட்ட யாராவது சொல்லியிருக்கலாம். எம் பிள்ளையை நானே கொன்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டே போய்ச் சேர்ந்துட்டாரு மனுஷன்.”